நாலாவது கோட்டு

மாங்கேணியிலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் புறப்பட்ட வேனில் இருந்தவர்கள் மூன்று பேர். நான், என் அக்காவின் மகள் துசானி, அவளுடைய தம்பி யதுசன். துசானிக்கு எட்டு வயது. யதுசனுக்கு நாலு முடிய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. என் அம்மா படலை வரைக்கும் வந்து, வேனைப் பார்க்காமல் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிள்ளைகளின் தகப்பன், எங்கள் அத்தான், யப்பானில் காத்திருந்தார். இந்தப் பயணத்தை ஒரு வருடமாகத் திட்டமிட்ட புவனா அக்கா வரவில்லை. அவள் இறந்து நாற்பத்தொரு நாள் ஆகியிருந்தது.

யதுசனுக்கு அது தெரியாது. அம்மா முன்கூட்டியே யப்பானுக்குப் போய்விட்டாள், நாங்கள் அவளிடம் போகிறோம் என்றுதான் அவன் நம்பியிருந்தான். அதை அவனுக்குச் சொன்னவன் நான்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான்தான். அக்கா இடம்பெயர்ந்த காலத்தில் எட்டாம் வகுப்போடு நின்றவள். எனக்கு வாழைச்சேனையில் ஓர் அலுவலகத்தில் வேலை. படிவம் நிரப்ப வேண்டுமென்றால் எங்கள் ஒழுங்கையில் எல்லாரும் என்னைத்தான் தேடி வருவார்கள். யப்பான் விசாவுக்கும் நான்தான் நிரப்பினேன். மற்றத் திட்டம் முழுதும் அக்காவுடையது.

அதற்கென்று ஒரு கொப்பி வைத்திருந்தாள். சிறு பிள்ளைகளைக் குளிர்காலத்தில் யப்பானுக்குக் கூட்டிப் போனவர்களின் வீடியோக்களை ஃபோனில் பார்த்துப் பார்த்து, சாய்ந்த எழுத்தில் குறித்து வைத்தாள். ‘உள்ளுக்கு ஒண்டு, நடுவில ஒண்டு, மேல கோட்டு. காதும் கழுத்தும் மூடினாக் காய்ச்சல் வராது.’ ‘ரெயினுக்குள்ள சத்தம் போடக் கூடாது. யது கத்தினா இனிப்புக் குடுக்க வேணும்.’ ‘குப்பை போட இடம் இருக்காது. பை ஒண்டு.’ ‘வீட்டுக்குள்ள போகக்குள்ள சப்பாத்துக் கழட்ட வேணும். நம்மட வீடு மாதிரித்தான்.’

அத்தான் நாலு வருடத்துக்கு மேலாக அங்கே, வடக்கே உள்ள பெரிய தீவில், கடலை ஒட்டிய ஒரு களப்புக் கரையில் சிப்பி உடைக்கும் வேலை செய்கிறார். அவர் போகும்போது யதுசன் அக்காவின் வயிற்றில் இருந்தான். அந்தக் காசுக்கு அவரையே ஊருக்குக் கூப்பிடலாமே என்று நான் ஒருமுறை கேட்டேன்.

“அவர் இஞ்ச வந்தா ஒரு நாள் கூரைக்கு ஓடு போடுவார், ஒரு நாள் தோணியத் திருத்துவார், மிச்ச நாளைக்குச் சொந்தக்காரர் வீடு வீடாத் திரிவார்” என்றாள் அக்கா. “நாம அங்க போனா அவருக்குப் போக ஒரு இடமும் இல்ல. எங்களோடதான் இருப்பார்.”

பழைய கோட்டு வாங்க நாங்கள் நாலு பேரும் ஓட்டமாவடிக்குப் போனோம். கடைக்காரர் ஒரு முஸ்லிம் அண்ணன், எங்கள் எல்லாருக்கும் நானா; இருபது வருடம் குவைத்தில் இருந்தவர். எங்களுக்குக் கதிரை போட்டார்.

“யப்பானுக்கா தங்கச்சி? இத எடுங்க. இதுக்குள்ள பூந்தா ஃப்ரிட்ஜுக்குள்ளயும் நித்திர கொள்ளலாம்.”

“விலையச் சொல்லுங்க நானா, பொறகு பூந்து பாக்கிறன்.”

“புள்ளகள்ற ரெண்டுக்கும் விலை வெட்டித் தாறன். தம்பிட கோட்டுக்கும் வெட்டுவன். உங்கடதுக்கு மட்டும் வெட்ட ஏலா. கழுத்தப் பாருங்க, பூனை மாதிரிக் கிடக்கு.”

அது மண்ணிறக் கோட்டு. கழுத்தைச் சுற்றிப் பஞ்சு மயிர் வைத்தது. அந்த வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு அக்கா வியர்த்து வழிந்தபடி கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். யதுசன் கழுத்து மயிருக்குள் முகத்தைப் புதைத்து “அம்மாப் பூனை” என்றான். அதற்குப் பிறகு விலை பேசுவதில் அர்த்தம் இருக்கவில்லை.

ஐப்பசி முடிவில் மழை பிடித்தது. அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தாள். றோட்டெல்லாம் வெள்ளம். கொழும்பு பஸ் ஓடவில்லை. அத்தான் வந்து சேர்வதற்கு நாலைந்து நாளாகும். அவரே ஃபோனில் சொன்னார், “எனக்காக உடம்ப வைக்காதீங்க மச்சான். எடுங்க.”

யதுசனைப் பகல் முழுதும் பக்கத்து வளவில் வைத்திருந்தோம். பின்னேரம், எல்லாம் முடிந்து நாங்கள் குளித்து வந்த பிறகு, அவனைக் கொண்டுவந்து விட்டார்கள். வாசலில் நின்று “அம்மா எங்க?” என்றான். வீட்டில் ஐம்பது பேர் இருந்திருப்பார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

“அம்மா யப்பானுக்குப் போயிட்டா மகன். நாம வரக்குள்ள அங்க நிப்பா.”

அவன் கொஞ்சம் யோசித்தான். “கோட்டுப் போடாமலா?”

“அவசரத்துல விட்டுட்டுப் போயிட்டா. நாம கொண்டுபோய்க் குடுப்பம்.”

அவன் அழவில்லை. போய்ச் சாப்பிட்டான். “படிச்ச புள்ள எண்டது இதுக்குத்தான். எவ்வளவு வடிவாச் சொல்லி அடக்கிட்டான் பாருங்க” என்று பெண்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. எனக்கும் அன்றைக்கு ஒரு நல்ல காரியம் செய்ததாகத்தான் இருந்தது. துசானி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட்டு, தம்பிக்கு ஒன்றும் சொல்லக் கூடாது என்றேன். தலையாட்டினாள். அதன் பிறகு அவள் தாயைப் பற்றி ஒருவரிடமும் ஒரு சொல்லும் பேசவில்லை. நல்ல பிள்ளை, சொன்னால் கேட்கிறாள் என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

பயணத்தை நிறுத்தலாம் என்றார் அம்மா. அத்தான் சம்மதிக்கவில்லை. “புவனா குறிச்ச நாளிலேயே புள்ளைகளக் கொண்டு வாங்க” என்றார். பிள்ளைகளோடு வீடியோவில் பேசுவதை அவர் நிறுத்தியிருந்தார், முகத்தைப் பார்க்க முடியவில்லை என்று. ஒரே ஒரு நாள் யதுசன் ஃபோனைப் பிடுங்கி “அம்மாக்குக் குடுங்க” என்றான். அத்தான் அழுதபடி ஃபோனை வைத்துவிட்டார். அறியாப் பிள்ளை கேட்கிறான் என்று நினைத்திருப்பார். நான் அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

முப்பத்தொன்றாம் நாள் கிரியை முடிந்ததும் ஓட்டமாவடிக்குப் போய், ஒரு கோட்டைத் திருப்பித் தரலாமா என்று கேட்டேன்.

“ஏன் தம்பி, தங்கச்சிக்குப் புடிக்கல்லையா?”

சொன்னேன். நானா “இன்னா லில்லாஹி” என்று மெல்லச் சொல்லிக் கதிரையில் இருந்தார். பிறகு லாச்சியை இழுத்து, கோட்டு வருவதற்கு முன்னமே காசை எண்ணி மேசையில் வைத்தார். “ஒரு சதமும் கழிக்கல்ல. நீங்க எப்ப வசதியோ அப்ப கொண்டு வாங்க.”

வீட்டுக்கு வந்தால், யதுசன் அந்தக் கழுத்து மயிரில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். மறுநாள் போய் நானாவிடம் காசைத் திருப்பிக் கொடுத்தேன். நாலாவது கோட்டும் எங்களோடு வந்தது. அதைச் சூட்கேசுக்குள் வைக்க அவன் விடவில்லை. ஒரு துணிப் பையில் போட்டுத் தானே இழுத்து வந்தான்.

விமானத்தில் எங்கள் வரிசையில் ஒரு சிங்களப் பெண் இருந்தாள். முதியவர்களைப் பராமரிக்கும் வேலைக்குப் போகிறாளாம். யதுசனின் கன்னத்தைத் தொட்டு ஏதோ கேட்டாள். அவனுக்குச் சிங்களம் தெரியாது. ஆனால் ‘அம்மா’ இரண்டிலும் ஒன்றுதானே. “யப்பான்” என்றான். “கொடுத்துவைத்த பிள்ளை. நான் என் மகளை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போகிறேன். அவளுக்கு இவன் வயதுதான்” என்றாள் அவள் என்னிடம். நான் தலையாட்டினேன். நாற்பது நாளாக நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். துசானி யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தோக்கியோவில் இறங்கியபோது வெயில் இருந்தது. வெயில் அடித்தும் குளிரும் என்பதை நான் புத்தகத்தில் படித்திருந்தேன், நம்பியிருக்கவில்லை. யதுசன் வாயைத் திறந்து திறந்து மூடினான். “மாமா, வாயால புகை வருது. உள்ளுக்க ஆர் அடுப்பு மூட்டின?” அக்கா சொன்னபடி உள்ளுக்கு ஒன்று, நடுவில் ஒன்று, மேலே கோட்டு. காதை மூட மறந்தது நான் மட்டும். பின்னேரம் எனக்குத்தான் காது வலித்தது.

ரயிலில் நூறு பேர் இருந்தும் ஒரு சத்தமில்லை. எங்கள் பஸ்ஸில் நாலு பேர் இருந்தால் ஐந்து கதை நடக்கும். யதுசனுக்கு இனிப்புக் கொடுத்தேன். இருக்க இடம் கிடைத்ததும் அவனுடைய பையை மேலே ராக்கையில் வைத்தேன். இறங்க வேண்டிய இடம் வந்தபோது பிள்ளைகளை இரண்டு கையிலும் பிடித்தேன், சூட்கேசுகளைக் காலால் தள்ளினேன். கதவு மூடி ரயில் போன பிறகுதான் யதுசன் அலறினான்.

“அம்மாட கோட்டு!”

கத்தக் கூடாத நாட்டில் அவன் கத்தினான். இனிப்பு உதவவில்லை. தொப்பி போட்ட இளம் ஊழியர் ஓடி வந்து எங்களை ஒரு சிறு அறைக்குக் கூட்டிப் போனார். கையில் ஒரு கருவி வைத்திருந்தார். அவர் தன் பாஷையில் சொல்ல, அது ஆங்கிலத்தில் பேசியது. பிறகு ஒரு படிவத்தை நீட்டினார்.

பொருள் என்ன, என்ன நிறம் என்பதை எழுதினேன். உரிமையாளரின் பெயர் என்ற இடத்தில் அக்காவின் முழுப்பெயரை எழுதினேன். அவர் அதைப் பார்த்துவிட்டுக் கருவியிடம் பேசினார். “உரிமையாளர் உங்களுடன் பயணம் செய்கிறாரா?” என்று அது கேட்டது.

ஊர்முழுக்கப் படிவம் நிரப்பியவன் நான். யதுசன் மேசை விளிம்பைப் பிடித்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஆங்கிலம் தெரியாது, எழுத்தும் தெரியாது. இருந்தும் ‘இறந்துவிட்டார்’ என்று அவனுக்கு முன்னால் எழுத என் கை வரவில்லை. ‘இல்லை’ என்று மட்டும் எழுதினேன்.

ஒரு மணித்தியாலத்தில் கோட்டு வந்தது. மூன்று நிலையத்துக்கு அப்பால் எடுத்திருக்கிறார்கள். துணிப் பையோடு மடித்து, கண்ணாடிப் பையில் போட்டு, நூலில் ஒரு அட்டை கட்டி, இரண்டு கையாலும் தந்தார். வாழைச்சேனை பஸ்ஸில் விட்ட என் குடை இன்னும் எங்கோ நனைந்துகொண்டிருக்கிறது. யதுசன் பையைப் பிரிக்கவிடாமல் அட்டையோடு கட்டிப்பிடித்துக்கொண்டான்.

அன்றைக்குக் கடையில் வாங்கிய முக்கோணச் சோற்றுக் கட்டியைச் சாப்பிட்டோம். துசானி அதைச் சுற்றிப் பார்த்தாள். “இந்தக் கறுத்தத் தாளையும் திங்கவேணுமா மாமா?” அது கடற்பாசி என்றேன். கடித்துவிட்டு “நம்மட கடல் மணக்குது” என்றாள். நாலைந்து நாளில் அவள் தானாகப் பேசிய முதல் பேச்சு அது. பக்கத்து மேசையில் ஒரு தாய் தன் பிள்ளையிடம் ஏதோ கடிந்து சொன்னாள். பாஷை தெரியாவிட்டாலும் ‘சிந்தாமச் சாப்பிடு’ என்பது எங்களுக்கு விளங்கியது. துசானி தன் மடியில் விழுந்த சோற்றைப் பொறுக்கினாள்.

மறுநாள் வடக்கே போனோம். கடைசித் துண்டு ஒற்றைப் பெட்டி ரயில். வெளியே எல்லாம் வெள்ளை. பாதி வழியில் நின்றது. சாரதி மைக்கில் ஏதோ சொன்னார். ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு மனிதர் தலையில் இரண்டு கையையும் கொம்பு மாதிரி வைத்துக் காட்டினார். பாதையில் மான். எங்கள் மட்டக்களப்பு ரயில் யானைக்கு நிற்கும். இங்கே மானுக்கு நிற்கிறது. எங்கள் ஆட்கள் என்றால் இறங்கிப் போய்ப் பார்த்து ஆளுக்கொரு யோசனை சொல்லியிருப்பார்கள். இங்கே ஒருவரும் எழும்பவில்லை. நாற்பது நிமிடம் கழித்துப் புறப்படும்போது சாரதி மறுபடி ஏதோ சொன்னார். மன்னிப்புக் கேட்கிறார் என்று அந்த மனிதர் குனிந்து காட்டி விளக்கினார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சூடான தகர ரின்னை எடுத்து யதுசனிடம் கொடுத்தார். உள்ளே சோளக் கஞ்சி.

“அம்மாக்கு மிச்சம் வைக்கிறன்” என்றான் யதுசன்.

அப்போதும் சொல்ல நேரம் இருந்தது. இன்னும் அரை மணித்தியாலம். துசானி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் யன்னலைத் துடைத்தேன்.

சிறிய நிலையம். அத்தான் மட்டும் நின்றார். மெலிந்து, கன்னம் வெடித்து, கையுறை இல்லாமல் நின்றார். துசானி ஓடிப்போய் அவரின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அத்தான் முழங்காலில் இருந்து யதுசனுக்குக் கையை நீட்டினார். பிறந்ததிலிருந்து ஃபோனில் மட்டும் பார்த்த மகன்.

யதுசன் அவரின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான். நிலையத்துக்குள் பார்த்தான். வெளியே நின்ற காரைப் பார்த்தான். கஞ்சி ரின்னை நெஞ்சோடு வைத்திருந்தான்.

“வெக்கப்படுறான்” என்றார் அத்தான், என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தபடி.

அவருடைய அறையில் இன்னும் இரண்டு பேர் தங்குகிறார்கள், ஒருவர் நேபாளம், மற்றவர் வியட்நாம். எங்களுக்காகப் பத்து நாள் வேறு அறைக்குப் போயிருந்தார்கள். போகும்போது அறையைக் கூட்டித் துடைத்து, ஒரு தட்டு தோடம்பழமும் வைத்துவிட்டுப் போனார்களாம். வாசலில் சப்பாத்தைக் கழற்றினோம், நம்மட வீடு மாதிரித்தான். அத்தான் விடிய எழும்பி மீன் ஆணமும் சோறும் ஆக்கியிருந்தார், தேங்காய்ப்பால் மாவு கரைத்து. அவர் கறியைச் சூடாக்கிக்கொண்டிருக்கும்போது யதுசன் அலுமாரியைத் திறந்தான். குளியலறைக் கதவைத் திறந்தான். சுருட்டி வைத்த மெத்தைகளுக்குப் பின்னால் போனான்.

“என்னத்தத் தேடுறாய் மகன்?”

“அம்மாவ எங்க வெச்சிருக்கீங்க?”

அத்தான் கரண்டியோடு திரும்பினார். யதுசன் துணிப் பையைத் தூக்கிக் காட்டினான். “கோட்டுக் கொண்டாந்திருக்கன்.”

கறி கொதித்து அடுப்பில் வழிந்தது. துசானிதான் போய் அடுப்பை நிற்பாட்டினாள்.

அத்தான் என்னை வெளியே கூப்பிட்டார். கட்டடத்துக்குப் பின்னால் சிப்பி ஓடு மலைபோல் குவிந்து, அதன்மேல் பனி கிடந்தது.

“ஆர் சொன்ன?”

“நான்தான் அத்தான்.”

“எப்ப?”

“எடுத்த அண்டைக்கு.”

“துசானிக்குத் தெரியுமா?”

“தெரியும். தம்பிக்குச் சொல்லாத எண்டு நான்தான் சொன்னன்.”

அவர் ஒரு சிப்பி ஓட்டைக் காலால் புரட்டினார். “நீ படிச்சவன் எண்டுதான் மச்சான் புள்ளைகள உன்ட கையில விட்டன்” என்றார். குரலை உயர்த்தவில்லை. “நாலு வருசமா நான் அந்த முகத்துக்கெண்டு இருந்தன். அவன் என்னப் பாக்கல்ல. எனக்குப் பின்னால தேடுறான்.”

“நானே சொல்லிர்றன் அத்தான்.”

“நீ சொன்னது போதும்.”

காலையில் அவர் எங்களைக் களப்புக்குக் கூட்டிப் போனார். கரையோரம் தண்ணீர் உறைந்து தகடாக நின்றது. தூரத்தில் கறுப்பாகக் கடல் வாய் தெரிந்தது. “நம்மட ஆறு மாதிரித்தான். அங்கால முகத்துவாரம்” என்றார் துசானிக்கு. பிறகு தோணிக்குள் இருக்கிற மாதிரிக் குந்தி, யதுசனைத் தன் முன்னால் நிறுத்தினார். அவன் கையில் துணிப் பை.

“மகன், இஞ்ச பாரு. அம்மா இஞ்ச இல்ல. அம்மா செத்துப் போயிட்டா. மாமா சொன்னது உண்மையில்ல.”

யதுசன் என்னைப் பார்த்தான்.

“ஓம் மகன். நான் பொய் சொன்னன்.”

அவன் மறுபடி தகப்பனைப் பார்த்தான். “மீன் மாதிரியா?”

“ஓம். மீன் மாதிரித்தான். திரும்பி வர ஏலா.”

“எங்க?”

“மாங்கேணியில. நான் பாக்கல்ல மகன். நீயும் பாக்கல்ல. அக்காதான் பாத்தா.” அத்தான் துசானிப் பக்கம் திரும்பினார். “நீ சொல்லு மகள். தம்பிக்கும் சொல்லு, எனக்கும் சொல்லு. எனக்கு ஒண்டும் தெரியா.”

துசானி என்னைப் பார்த்தாள். நான் இன்னும் அவளுக்கு அனுமதி தரவில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. தலையாட்டினேன்.

அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் மனனம் ஒப்பிக்கிற மாதிரித் தொடங்கினாள். “அம்மாக்குப் பச்சைச் சாறி உடுத்த. கோயிலுக்கு உடுக்கிறது. அம்மம்மாதான் சீப்பால தலை இழுத்துவிட்டா. நான் கையத் தொட்டுப் பாத்தன். குளிரா இருந்திச்சு. மழை பெஞ்சது. மாமா முன்னால புடிச்சார். பொம்புளைகள் போகக் கூடாது எண்டு என்ன விடல்ல. ஆனா நான் போன. சவக்காலையில தென்னைக்குப் பின்னால நிண்ட. குழிக்குள்ள தண்ணி வந்திச்சு. மாமா வாளியால அள்ளி அள்ளி ஊத்தினார். ஊத்த ஊத்த வந்திச்சு. பொறகு பாய் போட்டு வெச்சாங்க. மாமா வாளிய அங்கயே விட்டுட்டு வந்திட்டார்.”

வாளி பிடித்தவன் நான்தான். அந்த மழையில் தென்னைக்குப் பின்னால் ஒரு பிள்ளை நின்றதை நான் காணவில்லை. வீட்டுக்கு வந்து அவளிடம், ஒன்றும் சொல்லாதே என்றேன்.

அத்தான் சிறு சிறு கேள்விகளாகக் கேட்டார். எந்தப் பக்கம் தலை. ஆர் ஆர் வந்த. கையில் காப்பு இருந்ததா. துசானி ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தாள். நாற்பத்துநாலு நாளாக வைத்திருந்தாள். பதில் சொல்லச் சொல்ல அந்த ஒப்பிக்கும் குரல் போய், எட்டு வயதுக் குரல் வந்தது. கடைசியில் அவளுக்கு மூச்சுத் திணறியது. அத்தான் அவளைத் தன் கோட்டுக்குள் இழுத்து மூடினார்.

யதுசன் உறைந்த தண்ணீரைச் சப்பாத்தால் தட்டிக்கொண்டு நின்றான். பிறகு பையைத் திறந்து பார்த்தான்.

“அம்மா மாங்கேணியிலயா?”

“ஓம்.”

“அப்ப இத ஏன் இஞ்ச கொண்டாந்த? திருப்பிக் கொண்டு போகவேணும்.”

அன்று பின்னேரம் குளிக்க வார்க்கும்போது அவன் அழுதான். நெடுநேரம் அழுதான். வெந்நீருக்குள் இருத்தி வைத்து அத்தான் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார். கதவுக்கு வெளியே துவாயோடு நான் நின்றேன். துவாய்க்கு அவன் தகப்பனிடம்தான் கையை நீட்டினான்.

மிச்சமிருந்த நாட்களில் அக்கா கொப்பியில் எழுதிய எல்லாவற்றையும் செய்தோம். பனியில் பலகை வைத்துச் சறுக்கினோம். பனியால் ஆள் செய்தோம். அதன் மூக்குக்குக் கரட் கிடைக்காமல் அத்தான் ஒரு சிப்பியை வைத்தார். யதுசன் இரண்டாம் நாள் அவர் முதுகில் ஏறினான். நாலாம் நாள் ‘அப்பா’ என்று கூப்பிட்டான். அத்தான் வேலைக்குப் போகும் காலைகளில் சப்பாத்து மாட்டும் இடத்தில் போய் இருந்துகொண்டு, அவர் திரும்பி வரும்வரை எழும்பமாட்டான்.

கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரிதான் இருந்தது. ‘திரும்பி வரக்குள்ள அழக் கூடாது. அழுதா அவருக்கு வேலை ஓடாது.’ அதை அத்தானிடம் காட்டினேன். வாசித்துவிட்டு, “கொப்பிய நான் வெச்சுக்கொள்ளட்டா மச்சான்?” என்று கேட்டார்.

அதே ஒற்றைப் பெட்டி ரயில். யதுசன் படியில் நின்றுகொண்டு தகப்பனின் சட்டையை விடவில்லை.

“அப்பா, நீங்க எப்ப வருவீங்க?”

“ஏழு மாசம். வேலை முடிஞ்ச உடன வாறன்.”

“உண்மையா?”

“உண்மை மகன்.”

அவன் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு தகப்பனின் காதுக்குக் கிட்டப் போனான். மெதுவாகச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பான். ரயிலுக்குள் அவ்வளவு அமைதி, எல்லாருக்கும் கேட்டது.

“மாமா சொல்லச் சொன்னதா?”

அத்தான் இல்லை என்றார். நான் சூட்கேசுகளை உள்ளே எடுத்து வைத்தேன்.

திரும்பும் வழியில் கோட்டை நான் ராக்கையில் வைக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் யதுசன் கதிரையில் ஏறி, அதை அக்காவின் சாறிக் கொடியில் அட்டையோடு போட்டான். செத்தவர்களின் உடுப்பை முப்பத்தொன்றோடு கொடுத்துவிடுவது எங்கள் வழக்கம். சாறிகளெல்லாம் போய்விட்டன. அந்தக் கோட்டை எடுக்கச் சொல்ல இதுவரை ஒருவருக்கும் வாய் வரவில்லை. துசானி இப்போது பேசுகிறாள், சில நேரம் நிறுத்தச் சொல்லும் அளவுக்கு. யதுசன் என்னோடு கடற்கரைக்கு வருவான், மடியில் இருப்பான். ஆனால் இன்றைக்கு மழை வரும் என்று நான் சொன்னால்கூடத் திரும்பித் துசானியைப் பார்ப்பான். அவள் ஓம் என்றால்தான் குடையை எடுப்பான்.

ஊரில் எல்லாரும் செலவைத்தான் கேட்கிறார்கள். அக்கா கொப்பியின் பின்மட்டையில் போட்டிருந்த கணக்கு பதின்மூன்று லட்சம். எங்களுக்குக் கடைசியாக முடிந்தது பதினாலு லட்சத்து எண்பத்தாறாயிரத்து இருநூறு ரூபாய். நாலு பேரின் விமானச் சீட்டும் நாலு கோட்டும் அதற்குள் அடக்கம்.